காய் நகரும் கணக்கு

கடந்த டிசம்பர் விடுமுறையில், கனடாவில் வசிக்கும் பெரியும்மாவின் மகள் எங்கள் வீட்டில் பத்து நாட்கள் தங்கியிருந்தார். நான் அவரை ராத்தா என்று அழைப்பேன். ஒருநாள் மாலை அஸர் தொழுகைக்குப் பின் அவர் தமது பையிலிருந்து ஒரு தடித்த தாளை எடுத்து விறாந்தையில் விரித்தார். கணக்குக் கொப்பியில் இருப்பதைப் போல அதில் சதுரக் கட்டங்கள் வரையப்பட்டிருந்தன. பெருவிரல் அளவான சில உருவங்களை அவற்றில் நிறுத்தினார். வாள் ஏந்திய ஒருத்தி, வில் ஏந்திய ஒருவன், ஓநாய்கள் நான்கு. தமது பல்கலைக்கழக நண்பிகளுடன் வார இறுதிகளில் ஆடும் விளையாட்டு இது என்றார்.

கதிரையில் தஸ்பீஹுடன் இருந்த உம்மும்மா எட்டிப் பார்த்தார்.

"இதுல காசு வச்சு ஆடுறதா?"

"இல்லை உம்மும்மா. காசும் இல்லை, பந்தயமும் இல்லை."

"அப்ப சரி. காய் எப்பிடி நடக்கும்?"

ராத்தா வியப்போடு சிரித்தார். இந்த விளையாட்டைப் பற்றிக் கேட்பவர்கள் எல்லாரும் முதலில் யார் வெல்வார், எவ்வளவு நேரம் எடுக்கும் என்றுதான் கேட்பார்களாம். காய் எப்படி நடக்கும் என்று கேட்டவர் உம்மும்மா ஒருவர்தானாம். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை. பலகையின் மீது நடக்கும் போர்களில் ஒரு காய் எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது, போவதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதை எமது மண்ணின் ஆட்டத்திலிருந்து தொடங்கி விளக்க முயல்கிறேன்.

ஆடுபுலி: மூன்றும் பதினைந்தும்

உம்மும்மாவுக்குத் தெரிந்த ஆட்டம் ஆடுபுலி. யாழ்ப்பாணப் பக்கத்தில் இதையொத்த ஆட்டத்தை நாயும் புலியும் என்று சொல்வார்கள். தமிழ்நாட்டில் பழைய கோயில்களின் கல்தரையிலும் இந்தக் கட்டம் செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஊருக்கு ஊர் காய்களின் எண்ணிக்கை மாறும். பரவலாக அறியப்பட்ட வடிவத்தை இங்கே தருகிறேன்.

முதலில் மேலே ஒரு புள்ளி வையுங்கள். அதிலிருந்து கீழ்நோக்கி விரியும் நான்கு கோடுகளை வரையுங்கள். அவற்றைக் குறுக்காக வெட்டும் மூன்று கோடுகளை, இரு பக்கமும் சற்று வெளியே நீளும்படி வரையுங்கள். அந்த மூன்று குறுக்குக் கோடுகளின் முனைகளையும் இடப்பக்கம் ஒரு கோட்டாலும் வலப்பக்கம் ஒரு கோட்டாலும் இணையுங்கள். கடைசியாக, விரிந்து வந்த நான்கு கோடுகளின் அடிகளையும் ஒரு கோட்டால் இணைத்து விடுங்கள். இப்போது எண்ணிப் பாருங்கள். உச்சியில் 1, மூன்று குறுக்குக் கோடுகளிலும் ஆறு ஆறாக 18, அடியில் 4. மொத்தம் 23 புள்ளிகள்.

புலிகள் 3, ஆடுகள் 15. புலிகளில் ஒன்று உச்சியிலும் மற்ற இரண்டும் அதற்குக் கீழுள்ள புள்ளிகளிலும் நிற்கும். ஆடுகள் எல்லாம் பலகைக்கு வெளியே இருக்கும். ஆட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் ஓர் ஆட்டை வெற்றுப் புள்ளியில் வைப்பார். அதற்குப் பதிலாகப் புலிக்காரர் ஒரு புலியை நகர்த்துவார். பதினைந்து ஆடுகளையும் வைத்து முடிக்கும் வரை, வைத்த ஆட்டை நகர்த்த அனுமதி இல்லை. அதன் பின்னரே ஆடுகளும் நகரும்.

நடையைப் பொறுத்தவரை ஆடும் புலியும் சமம். இரண்டும் கோட்டின் வழியே அடுத்த வெற்றுப் புள்ளிக்கு ஓரடி மட்டும் வைக்கும். புலிக்கு மேலதிகமாக ஒரு பாய்ச்சல் உண்டு. பக்கத்தில் ஆடு நின்று, அதே நேர்கோட்டில் ஆட்டுக்கு அப்பாலுள்ள புள்ளி வெறுமையாக இருந்தால், புலி ஆட்டைத் தாண்டி அங்கே போய் விழும். தாண்டப்பட்ட ஆடு வெட்டுப்படும். ஐந்தோ ஆறோ ஆடுகள் போனால் புலி வென்றது என்று கொள்வது வழக்கம். மூன்று புலிகளும் ஓரடி கூட வைக்க முடியாதபடி அடைபட்டால் ஆடுகள் வென்றன.

ஆட்டுக்கு வெட்டும் வலிமை அறவே இல்லை. அது எதையும் தாக்காது. அப்படியிருந்தும் நன்றாக ஆடத் தெரிந்தவர் ஆட்டின் பக்கம் இருந்தால் புலிக்குப் பெரும்பாடு. அது எப்படி என்பதற்கான விடை நகர்வில்தான் இருக்கிறது.

வெட்ட முடியாத ஏழு இடங்கள்

ஓர் ஆட்டை வெட்ட இரண்டு புள்ளிகள் தேவை. ஆட்டுக்கு முன்னே புலி நிற்க ஒன்று, பின்னே புலி விழ ஒன்று. இரண்டும் ஆட்டோடு ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஆகவே ஒரு புள்ளியில் வந்து சேரும் எல்லாக் கோடுகளும் அங்கேயே முடிந்துவிட்டால், அங்கே நிற்கும் ஆட்டைத் தாண்டவே முடியாது.

நான் கொப்பியில் பலகையை வரைந்து ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தேன். உச்சிப் புள்ளி அப்படிப்பட்டது. முதற் குறுக்குக் கோட்டின் இரு முனைகளும், மூன்றாம் குறுக்குக் கோட்டின் இரு முனைகளும், அடிக்கோட்டின் இரு முனைகளும் அப்படிப்பட்டவை. ஆக மொத்தம் ஏழு. நடுக் குறுக்குக் கோட்டின் முனைகள் பார்வைக்குப் பத்திரமானவை போலத் தோன்றும். ஆனால் பக்கக் கோடு அவற்றின் ஊடாக மேலிருந்து கீழே செல்வதால் அங்கே நிற்கும் ஆட்டைப் புலி நெடுக்காகத் தாண்டிவிடும். நான் பலமுறை தோற்றது இந்த இரண்டு புள்ளிகளை நம்பித்தான்.

உச்சியிலிருந்து புலி இறங்கும் வரை அந்த இடம் ஆட்டுக்குக் கிடைக்காது. மீதி ஆறு இடங்களில் ஆறு ஆடுகளை வைக்கலாம். ஏழாவது ஆட்டை எங்கே வைப்பது? இங்கேதான் உம்மும்மாவின் பாடம் வருகிறது.

"ஆட்டைக் கொண்டுபோய் வச்சாப்போல போதாது. அதுக்குப் பின்னால ஒண்டு நிக்கோணும்."

ஓர் ஆட்டுக்குப் பின்னால் அதே கோட்டில் இன்னோர் ஆடு நின்றால் புலி விழ இடமில்லை, பாய்ச்சல் தடைப்படும். பத்திரமான முனையில் ஓர் ஆடு, அதை ஒட்டி உள்ளே இன்னோர் ஆடு, அதையும் ஒட்டி அடுத்தது என்று ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கட்டிக்கொண்டே வர வேண்டும். எங்கள் வயலில் வரப்புக் கட்டுவது போல, ஏற்கெனவே உறுதியான இடத்திலிருந்து தொடங்கி நீட்ட வேண்டும் என்பார் உம்மும்மா. நடுவில் தனியாக ஓர் ஆட்டை வைத்தால் அது புலிக்குத் தீனி.

இன்னொரு கணக்கும் உண்டு. புள்ளிகள் 23, காய்கள் 18. ஆடு ஒன்றும் வெட்டுப்படாமல் எல்லாம் பலகைக்கு வந்தால் வெற்றிடம் ஐந்து மட்டுமே. புலி நடக்கவும் பாயவும் அந்த ஐந்து இடங்கள்தான் உள்ளன. ஒவ்வோர் ஆடு வெட்டுப்படும்போதும் வெற்றிடம் ஒன்று கூடும். புலிக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். எனவே ஓர் ஆட்டை இழப்பதால் வரும் நட்டம் அந்த ஆட்டோடு முடிவதில்லை. மற்ற எல்லா ஆடுகளின் வேலையும் கடினமாகிறது.

இரணைமடுவுக்குத் திட்டம் வரைந்தவர்

இதுபற்றித் தேடியபோது எதிர்பாராத ஓரிடத்தில் வன்னியின் பெயர் வந்தது. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்துக்கு 1885 ஆம் ஆண்டில் திட்டம் வரைந்தவர் ஹென்றி பாக்கர் என்னும் ஆங்கிலேய நீர்ப்பாசனப் பொறியியலாளர். குளத்தின் கட்டுமானம் 1902 இல் தொடங்கியது. இலங்கையின் குளங்களை ஆராய்ந்து திரிந்த அதே பாக்கர், கிராமத்து மக்கள் ஆடும் ஆட்டங்களையும் குறித்துக்கொண்டார். 1909 இல் வெளியான பண்டைய இலங்கை பற்றிய அவரது ஆங்கில நூலில் அந்தக் குறிப்புகள் உள்ளன.

அவற்றில் சிங்கள மக்களிடையே வழங்கிய சிறுத்தை ஆட்டங்கள் இரண்டு எமது ஆடுபுலிக்கு உறவுமுறையானவை. ஒன்றில் இரண்டு சிறுத்தைகளும் இருபத்து நான்கு மாடுகளும் உண்டு. மற்றையது ஏழு சிறுத்தைகள் ஆட்டம். முக்கோணத்தில் பத்துப் புள்ளிகள், ஒரு புலி, அதை மடக்க ஏழு சிறுத்தைகள். காய்கள் எட்டு, புள்ளிகள் பத்து. வெற்றிடம் இரண்டு மட்டுமே. மொழி வேறு, மிருகம் வேறு, எண்ணிக்கை வேறு. ஆனால் சிலவாக இருந்து பாயும் காய்கள் ஒரு பக்கமும், பலவாக இருந்து மடக்கும் காய்கள் மறுபக்கமும் என்ற அமைப்பு ஒன்றுதான். நேபாளத்தின் பாக்-சால் ஆட்டத்திலும் இதே அமைப்பு: 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள்.

இரு பக்கமும் சமமாக நின்று பொருதும் ஆட்டங்களும் உண்டு. தென்னாசியாவில் ஆடப்படும் பதினாறு சிப்பாய் ஆட்டத்தில் 37 புள்ளிகள், பக்கத்துக்குப் பதினாறு காய்கள். தொடக்கத்தில் நடுவரிசையின் ஐந்து புள்ளிகள் மட்டும் வெறுமையாக இருக்கும். அரபு உலகில் இதற்கு உறவான அல்-கிர்க் என்ற ஆட்டம் இருந்தது. 10 ஆம் நூற்றாண்டில் அபுல் பரஜ் அல்-இஸ்பஹானி தொகுத்த கிதாப் அல்-அகானி என்னும் நூலில் அதன் பெயர் வருகிறது. முஸ்லிம்கள் வழியே அது ஸ்பெயினுக்குச் சென்று அல்கெர்க்கே ஆயிற்று. காஸ்டீல் மன்னர் பத்தாம் அல்போன்சோவின் ஆணைப்படி 1283 இல் முடிக்கப்பட்ட விளையாட்டு நூலில் அது படத்தோடு விளக்கப்பட்டுள்ளது. 25 புள்ளிகளில் பக்கத்துக்குப் பன்னிரண்டாக 24 காய்கள். வெற்றிடம் நட்டநடுவில் ஒன்றே ஒன்று. அந்த ஓர் இடத்துக்குள் யாராவது காலடி வைத்தால்தான் போர் தொடங்கும். வைப்பவர் வெட்டுப்படுவார் என்பதும் தெரியும்.

நடை மாறினால் ஆட்டம் மாறும்

ஆடுபுலியில் இரண்டு வகைக் காய்கள்தான். சதுரங்கத்தில் ஆறு வகை. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நடை. இந்தியாவில் தோன்றிப் பாரசீகம் சென்று அரபு நாடுகளில் ஷத்ரஞ்ச் என்ற பெயரில் வளர்ந்த ஆட்டம் அது. பக்தாதில் 9 ஆம் நூற்றாண்டில் அல்-அத்லியும் 10 ஆம் நூற்றாண்டில் அஸ்-ஸூலியும் அதில் தேர்ந்த ஆட்டக்காரர்கள். இருவரும் அதைப் பற்றி நூல் எழுதியவர்கள்.

அவர்கள் ஆடிய பலகை இன்றைய பலகைதான்: 64 கட்டங்கள். குதிரையும் கோட்டையும் இன்று போலவே நடந்தன. ஆனால் அரசருக்குப் பக்கத்தில் இன்று ராணி நிற்கும் இடத்தில் அன்று பிர்ஸான் என்ற ஆலோசகர் நின்றார். அவர் மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம் மட்டும் நகர்வார். அப்படி நகர்ந்தால் ஒரே நிறக் கட்டங்களில் மட்டுமே கால் வைக்க முடியும்; 64 இல் பாதி அவருக்கு என்றுமே எட்டாது. இன்று பிஷப் நிற்கும் இடத்தில் நின்ற யானை மூலைவாட்டில் சரியாக இரண்டு கட்டம் தாண்டிக் குதிக்கும். வாழ்நாள் முழுவதும் குதித்தாலும் அதனால் எட்டக்கூடியவை எட்டுக் கட்டங்கள் மட்டுமே.

இவ்வளவு மெல்ல நடக்கும் காய்களோடு ஆடுவது எளிது என்று எண்ணிவிடக் கூடாது. அஸ்-ஸூலி ஒரு புதிரை விட்டுச் சென்றார். பலகையில் நான்கே காய்கள்: பக்கத்துக்கு ஓர் அரசரும் ஒரு பிர்ஸானும். வெல்ல வழி உண்டு என்றார். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் அது அவிழாமலே கிடந்தது. 1980களில் ரஷ்ய கிராண்ட்மாஸ்டர் யூரி அவெர்பாக் அதற்கு விடை கண்டார்.

15 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினில் பிர்ஸானின் நடையை மாற்றினார்கள். எத்திசையிலும் எத்தனை கட்டமும் செல்லும் ராணியாக அது ஆயிற்று. யானையும் மூலைவாட்டில் நெடுந்தூரம் செல்லும் பிஷப் ஆயிற்று. பலகை மாறவில்லை, காய்களின் எண்ணிக்கை மாறவில்லை. இரண்டு காய்களின் நடை மட்டுமே மாறியது. அதுவரை பல நகர்வுகள் எடுத்து மெல்ல நெருங்கிய படைகள், தொடங்கிய சில நகர்வுகளிலேயே மோதத் தொடங்கின. இன்று நாம் பாடசாலைகளில் ஆடும் சதுரங்கம் அந்த மாற்றத்தால் பிறந்ததே.

கோட்டிலிருந்து அடிமட்டத்துக்கு

இதுவரை சொன்ன ஆட்டங்களில் ஒரு நகர்வு என்பது ஒரு புள்ளி அல்லது ஒரு கட்டம். அது எத்தனை அடி தூரம், எத்தனை விநாடி நேரம் என்று யாரும் கேட்கவில்லை. 1824 இல் பிரஷியாவின் படை அதிகாரியான ரைஸ்விட்ஸ் அந்தக் கேள்வியைக் கேட்டார். அவர் அமைத்த போர் விளையாட்டில் பலகைக்குப் பதில் உண்மையான நிலப்படம் விரிக்கப்பட்டது. ஒரு சுற்று என்பது இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் காலாட்படை எவ்வளவு தூரம் நடக்கும், குதிரைப்படை எவ்வளவு தூரம் ஓடும் என்பதை அளந்து காய்களை நகர்த்தினார்கள். ஆற்றைக் கடப்பதும் மேட்டில் ஏறுவதும் நடையைத் தாமதப்படுத்தின. இரு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு நடுவர் இருந்து முடிவுகளைச் சொன்னார்.

1913 இல் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் பொம்மைச் சிப்பாய்களை வைத்து வீட்டுத் தரையில் ஆடும் ஒரு விளையாட்டுக்கு விதிகள் எழுதினார். அதில் காலாள் ஒரு சுற்றில் ஓரடி நகரலாம், குதிரைவீரன் இரண்டடி. அளக்க ஒரு நூல் போதும். இந்த இரண்டு மரபும் சேர்ந்து, 1974 இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் விளையாட்டில் வந்து நின்றன. ராத்தா விரித்தது அதைத்தான்.

பாத்திரமேற்று ஆடும் போர்

இந்த விளையாட்டில் ஒவ்வொருவரும் ஒரு கதைப் பாத்திரத்தை ஏற்கிறார்கள். ஒருவர் மட்டும் கதைசொல்லியாகவும் நடுவராகவும் இருப்பார். பெரும்பாலான நேரம் பேச்சிலேயே கதை வளரும். சண்டை என்று வந்துவிட்டால் மட்டும் கட்டங்கள் விரிக்கப்படும். அங்கே விதிகள் கண்டிப்பானவை.

ஒரு கட்டம் ஐந்தடி. ஒரு சுற்று ஆறு விநாடி. சாதாரண மனிதர் ஒரு சுற்றில் முப்பது அடி, அதாவது ஆறு கட்டம் நகரலாம். ஆறு விநாடியில் முப்பது அடி என்றால் மணிக்கு ஏறக்குறைய ஐந்தரைக் கிலோமீற்றர். பஸ்ஸைப் பிடிக்க விரைந்து நடக்கும் வேகம். ஒவ்வொருவருக்கும் தமது முறையில் இந்த நகர்வோடு ஒரு செயலும் உண்டு. அடிக்கலாம், காயப்பட்டவருக்கு மருந்திடலாம், அல்லது செயலை விட்டுக்கொடுத்து மேலும் ஆறு கட்டம் ஓடலாம். நகர்வை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்பதில்லை. மூன்று கட்டம் போய் அடித்துவிட்டு மீதி மூன்று கட்டத்தை வேறு பக்கம் நடக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். குளக்கட்டுக்குக் கீழே நிலா என்ற பாத்திரம் நிற்கிறாள். நேர்வரிசையில் ஐந்தாவது கட்டத்தில் ஓநாய். அதற்குப் பக்கத்தில் போக நாலு கட்டம் நடக்க வேண்டும். ஆனால் மூன்றாவது, நான்காவது கட்டங்களில் சேறு. அந்தச் சேறு மூன்று கட்ட அகலத்துக்குப் பரந்திருக்கிறது. சேறு, புதர், கற்குவியல் போன்ற கரடான நிலத்தில் ஒரு கட்டத்துக்கு இரண்டு கட்டச் செலவு. நேரே போனால் 1, 1, 2, 2 என்று ஆறும் தீர்ந்துவிடும். ஓநாயை அடிக்கலாம், அதன்பின் ஓரடியும் எடுக்க முடியாது. காலடியும் சேற்றில். மூலைவாட்டில் ஒதுங்கிச் சேற்றைச் சுற்றிப் போனால் ஐந்தே கட்டத்தில் ஓநாயின் பக்கத்தில் உலர்ந்த நிலத்தில் நிற்கலாம்; ஒரு கட்டம் மீதமும் இருக்கும். நீளமான வழி சில வேளைகளில் குறுகிய வழி.

இனி விழுந்து எழும் கணக்கு. ஓநாய் கடித்து நிலாவைக் கீழே தள்ளிவிட்டால், எழுந்து நிற்பதற்கே அவளது நகர்வில் பாதி, அதாவது மூன்று கட்டம் போய்விடும். விழுந்தவள் எழலாம். ஆனால் அந்தச் சுற்றில் தூரம் போக முடியாது.

கிளித்தட்டில் தெரிந்த விதி

இவற்றைவிட எனக்கு முதலில் புரியாமல் இருந்த விதி ஒன்று உண்டு. எதிரிக்குப் பக்கத்தில் போவதற்குத் தடையில்லை; அவருடைய கைக்கெட்டும் தூரத்தை விட்டு விலகும்போதுதான் அவருக்கு உங்கள் மீது இலவசமாக ஓர் அடி கிடைக்கும். வந்தவரை விட்டுவிட்டுப் போகிறவரை அடிப்பது என்ன நியாயம் என்று ராத்தாவிடம் கேட்டேன். அவர் கிளித்தட்டை நினைத்துப் பார் என்றார்.

கிளித்தட்டில் காவல் பக்கத்தார் குறுக்குக் கோடுகளில் நிற்பார்கள். அவரவர் கோட்டை விட்டு அவர்கள் விலக முடியாது. கிளி மட்டும் நடுக்கோட்டிலும் ஓடலாம். உள்ளே வருபவர் தட்டுக்குள் நிற்கும் வரை ஆபத்துக் குறைவு. இரு பக்கமும் பார்த்துக்கொண்டு நிற்கலாம். கோட்டைத் தாண்டும் அந்த ஒரு கணத்தில் முகம் ஒரு பக்கம், முதுகு ஒரு பக்கம். அடி விழுவது அப்போதுதான். சண்டையிலும் அப்படியே. எதிரியை நேரே பார்த்துக்கொண்டிருக்கும் வரை தடுக்கலாம். திரும்பி ஓடும்போது தடுக்க முடியாது. அதைத்தான் விதி அடியாகக் கணக்கிடுகிறது.

கிளித்தட்டில் இதற்கு நாம் என்ன செய்வோம்? ஒருத்தி இடப்பக்கம் பாய்வது போலப் போக்குக் காட்ட, காவல் அந்தப் பக்கம் போனதும் மற்றவள் வலப்பக்கம் தாண்டிவிடுவாள். மேசை விளையாட்டிலும் அந்த இலவச அடியைத் தவிர்க்க வழி உண்டு. உங்கள் செயலை விட்டுக்கொடுத்து, அதை விலகிச் செல்வதற்கென்றே செலவிட்டால் அடி விழாது. அந்தச் சுற்றில் நீங்கள் யாரையும் தாக்க முடியாது என்பதே அதற்கான விலை. இன்னொரு வழி, எதிரியின் அந்த ஓர் அடியைத் தோழி ஒருத்தி ஏற்றுக்கொள்வது. ஒரு சுற்றில் ஓர் எதிரிக்கு இப்படி ஓர் அடிதான் உண்டு. உறுதியான கவசம் அணிந்தவள் முதலில் விலகி அதை வாங்கிக்கொண்டால், காயப்பட்டவள் அதன்பின் அடிபடாமல் விலகலாம்.

இதைக் கேட்டதும் உம்மும்மா, "நான் சொன்னதுதான். பின்னால ஒண்டு நிக்கோணும்" என்றார்.

புளியங்கொட்டையும் சிமெந்துத் தரையும்

உம்மும்மா தண்ணீரூற்றில் பிறந்து வளர்ந்தவர். தமது வாப்பாவிடம் இந்த ஆட்டத்தைப் பழகினாராம். வீட்டுத் திண்ணையில் ஆணியால் கீறிய கட்டம் ஒன்று இருந்ததாம். புலிக்குச் சோகி, ஆட்டுக்குப் புளியங்கொட்டை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவரும் பிள்ளைகளோடு புத்தளத்துக்குப் போனார். திண்ணையைக் கொண்டு போக முடியாது. சோகியும் எங்கோ தவறிவிட்டது. ஆனால் ஆட்டத்துக்கு வேண்டியவை கோடும் கொட்டையும்தானே. முகாமில் மண்தரையில் குச்சியால் கீறித் தம் பிள்ளைகளுக்கும் பக்கத்துக் குடிசைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். எனது உம்மாவும் அங்கேதான் இதைக் கற்றார்.

அங்கே உம்மும்மா புலி என்று சொல்வதில்லையாம். பெரிய காய், சின்னக் காய் என்றுதான் சொல்வாராம். உம்மா இதை எனக்குச் சொன்னபோது ஏன் என்று நான் கேட்கவில்லை.

போர் முடிந்து சில ஆண்டுகளின் பின் அவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். திண்ணை இருக்கவில்லை. இப்போது எங்கள் வீட்டு விறாந்தை சிமெந்து. வெண்கட்டியால் கீறி ஆடிவிட்டுக் கழுவிவிடலாம்.

ராத்தா கனடாவுக்குப் புறப்படும் முந்திய நாள் இருவரும் ஆடினார்கள். ராத்தா புலி, உம்மும்மா ஆடு. ராத்தா வேகமாக ஆடி முதலில் இரண்டு ஆடுகளை வெட்டிவிட்டார். உம்மும்மா எதுவும் சொல்லாமல் ஓரத்திலிருந்து கட்டிக்கொண்டே வந்தார். பதினைந்தாவது ஆடு பலகைக்கு வந்தபோது வெற்றிடங்கள் ஏழு இருந்தன. ஆனால் ஏழில் ஐந்து ஆடுகளின் வரிசைக்குப் பின்னால் இருந்தன. புலிகளுக்குக் கிடைத்தவை இரண்டே. சிறிது நேரத்தில் அவையும் அடைபட்டன. மூன்று புலிகளும் உச்சிப் பக்கத்தில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. ராத்தா படம் பிடித்துக்கொண்டார். தம் நண்பிகளுக்குக் காட்டுவதற்காம்.

மாணவிகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். தொலைதூர நாடுகளின் ஆட்ட விதிகள் தடித்த புத்தகங்களாக அச்சாகிக் கடைகளில் கிடைக்கின்றன. எங்கள் ஊர் ஆட்டத்தின் விதிகள் உம்மும்மாமாரின் நினைவில் இருக்கின்றன. எத்தனை ஆடு, எத்தனை புலி, எத்தனை வெட்டினால் வெற்றி, ஒரே முறையில் இரண்டு ஆடுகளைப் பாயலாமா என்பவை முல்லைத்தீவில் ஒருவிதமாகவும் வவுனியாவில் வேறுவிதமாகவும் இருக்கலாம். இந்த விடுமுறையில் உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் ஒரு வெண்கட்டியைக் கொடுத்துக் கட்டத்தைக் கீறச் சொல்லுங்கள். அவர்கள் கீறுவதைக் கொப்பியில் வரைந்து, பக்கத்தில் ஊரின் பெயரையும் விதியையும் எழுதி வையுங்கள். கேட்கத் தொடங்குவதற்கு உம்மும்மாவின் கேள்வி ஒன்றே போதும்: காய் எப்படி நடக்கும்?